சவரக்கத்தியும் அதன் முதற் கல்லும்



எந்தையார் காலமான பின்னர் அவருடைய மரப்பெட்டியைத் திறந்தபொழுது, எண்ணெய்த் துணியிற் சுற்றப்பட்ட மடக்குச் சவரக்கத்தி ஒன்று என் கைக்கு வந்தது. அதன் பிடி கொம்பினாலானது. அலகின் அடியில் இங்கிலாந்தின் செபீல்டு நகரப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் விடியற்காலையில், முற்றத்து வேம்பிற் கட்டிய தோல்வாரின்மீது அவர் அக்கத்தியைப் புரட்டிப் புரட்டி இழுப்பார். அவ்வோசை கேட்டே பிள்ளைகளாகிய நாங்கள் துயிலெழுவோம். பெட்டியிற் கத்தி இருந்தது, வாரும் இருந்தது. ஆனால் கத்தியைத் தீட்டும் கல் இல்லை.

கல்லென்றால் எல்லாம் கல்தானே என்று எண்ணினேன். புல்லரிவாளும் அடுக்களைக் கத்தியும் தீட்டும் கல் கிணற்றடியிற் கிடந்தது. அதில் நீர் தெளித்துப் பத்துப் பதினைந்து முறை இழுத்தேன். பின்னர் வெயிலிற் பிடித்துப் பார்த்தால், கத்தியின் வாய் ஈர்வாளின் பற்களைப்போலத் தெரிந்தது. அதனைக் கன்னத்தில் வைத்தபொழுது நேர்ந்ததை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரில், தொழிலை விட்டுப் பல ஆண்டுகளாகிவிட்ட முதிய நாவிதர் ஒருவர் இருந்தார். கத்தியை அவரிடம் கொண்டு சென்றேன். அவர் என் கன்னத்தையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எந்தக் கல்லில் தீட்டினீர்கள், வாத்தியார்?" என்று மாத்திரம் கேட்டார். பின்னர் உள்ளே சென்று தம் பழைய அடப்பத்தை எடுத்து வந்தார். அதனுள் இரண்டு விரல் அகலமுள்ள சிறு கல் ஒன்று துணியில் முடிந்து வைக்கப்பட்டிருந்தது. அதன் ஒரு முகம் வெளிர்மஞ்சள். மறு முகம் கருநீலம். கையாற் தடவினால் சவர்க்காரக் கட்டியைப்போல வழுவழுத்தது. தம் தந்தையார் கொழும்பிலே வாங்கியது என்பதற்கு மேல் அக்கல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனை விலைக்குக் கேட்டேன், தரமாட்டேன் என்றார்.

கல் ஒன்றும் இல்லாதவன் தன் சவரக்கத்திக்கு முதன்முதலாக எந்தக் கல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வினா இவ்வாறுதான் எனக்கு எழுந்தது. விடை தேடி நூல்களுட் புகுந்தபொழுது, இவ்வினாவிற்கே நெடிய வரலாறு உண்டென்று கண்டேன்.

உரோம நாட்டு அறிஞர் பிளினி, கி.பி. 79 இல் வெசூவியசு எரிமலை சீறியபொழுது உயிர்துறந்தவர். அவர் இயற்கை வரலாறு என்னும் பெருநூலின் 36 ஆம் பகுதியில் தீட்டுக்கற்களை வகைப்படுத்துகின்றார். எண்ணெயிட்டுத் தீட்டுவனவற்றுள் கிரேத்தத் தீவின் கல் சிறந்தது. நீரிட்டுத் தீட்டுவனவற்றுள் நக்சோசுத் தீவின் கல் சிறந்தது. இவற்றின் பின்னர், நாவிதர் கடைகளில் மனிதரின் உமிழ்நீரிட்டுத் தீட்டும் கல் என ஒரு வகையையும் தனியே குறித்து, அவ்வகையில் இசுப்பானியாவிலிருந்து வருவதே தலையாயது என்கின்றார். சுகாதார அதிகாரிகள் இதனைக் கேட்டால் முகஞ்சுளிப்பர். எனினும் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சவரக்கத்தியின் கல் மற்றைக் கருவிகளின் கல்லன்று என்பதை ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னரே நாவிதர் அறிந்திருந்தனர். யான் கிணற்றடியிற் கற்றுக்கொண்டதை அவர்கள் தொழிலிற் கற்றிருந்தனர்.

அதன் பின்னர் பல நூற்றாண்டுகளாக இவ்வறிவு நாவிதரிடமே தங்கியது. பொதுமகன் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளவில்லையாதலின் அவனுக்குக் கல் வேண்டியதுமில்லை. அக்காலத்து ஐரோப்பிய நாவிதர் மயிர் களைவதோடு குருதி வாங்குதல், கட்டி கீறுதல் முதலிய சிகிச்சைகளையும் செய்துவந்தனர். இலண்டனில் நாவிதரும் சத்திர வைத்தியரும் 1540 இல் எட்டாம் என்றி மன்னன் காலத்தில் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டு, 1745 இலேயே பிரிந்தனர். நம்மவரிடையும் நாவிதருக்கு வைத்தியத் தொடர்பு இருந்தது. பரியாரி என்ற சொல் இரு தொழிலாருக்கும் வழங்கியமை அதற்குச் சான்று. ஆங்கே வைத்தியம் பிரிந்து உயர்ந்தது. கத்தியும் கல்லும் நாவிதரிடம் எஞ்சின. அத்தொழிலாளரைத் தாழ்வாக நோக்கிய சமூகம், அவர் கையிலிருந்த அறிவையும் அறிவென்று எண்ணவில்லை.

மாற்றம் 18 ஆம் நூற்றாண்டில் வந்தது. செபீல்டிற்கு அருகே மணிக்கூடு செய்துவந்த பெஞ்சமின் அன்சுமன் என்பார், 1740 ஆம் ஆண்டளவில் உருக்கைக் களிமண் மூசையில் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். உருக்கு முழுவதும் ஒரே தன்மையதாகக் கிடைத்தமையால் நல்ல சவரக்கத்திகள் பெருகின. கண்ணியவான்கள் தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்ளத் தொடங்கினர். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்கிளின் தம் சுயசரிதையில் இதனைப் பெரும் பேறாகக் கருதுகின்றார். வறிய இளைஞன் ஒருவனுக்கு ஆயிரம் கினி கொடுப்பதினும், தானே மழிக்கவும் தன் கத்தியைச் செம்மையாக வைத்திருக்கவும் கற்பிப்பது அவன் வாழ்வுக்கு அதிக இன்பம் தரும் என்பது அவர் கருத்து. நாவிதரின் மழுங்கிய கத்தியையும் அழுக்கு விரல்களையும் அவர் இகழ்வதை யான் ஒப்பவில்லை. ஆனால் கத்தியைச் செம்மையாக வைத்திருத்தல் என்று அவர் சேர்த்துச் சொன்னதே கருத்தின் உயிர்நிலை. கத்தியை எவரும் வாங்கலாம். அதனைத் தீட்ட யார் கற்பிப்பது?

அப்பணியை மேற்கொண்டவர் பாரிசு நகரத்துக் கத்திக் கொல்லராகிய ழான் ழாக் பெரே என்பவர். அவர் 1769 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். தாடி வெட்டல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குப் பெயரிட்டு, தன்னைத் தானே மழித்துக்கொள்ளக் கற்கும் கலை என்று விளக்கமும் தந்தார். தலைப்பு அத்துடன் முடியவில்லை. கருவிகளைத் தீட்டுதற்குரிய பலவகைக் கற்களை அறியும் வகையும், கத்தி இழுக்கும் தோலைப் பதப்படுத்தும் முறையும் அந்நூலில் உள்ளன என்று முகப்பிலேயே அறிவிக்கின்றார். கற்களை அறிதல் முகப்பில் இடம்பெற்றது எதற்காக? வாங்குவோன் முதலில் தடுமாறும் இடம் அதுவே என்று கடையில் நின்ற அனுபவத்தால் அவர் கண்டிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. தொழிலாளி ஒருவர் தம் தொழில் மறையைப் பொதுமக்களுக்கென எழுதினார் என்பதற்காகவேனும் பெரே நினைக்கப்படற்பாலர். கத்திவாய் தோலில் ஆழப் பதியாதவாறு மரத்தாலான காப்பொன்றையும் அவர் வகுத்தார்.

அக்காலத்தவனுக்குக் கிடைத்த கற்கள் எவை? மத்தியதரைக் கடலின் கீழ்ப்புறத்திலிருந்து வந்து துருக்கிக் கல் எனப் பெயர்பெற்ற எண்ணெய்க்கல் ஒன்று. செருமனியின் தூரிங்கியக் காட்டுப் புறத்தில் வெட்டிய, மெல்லிய பலகைக்கல் இனத்து நீர்க்கல் மற்றொன்று. இங்கிலாந்தில் இலெசுத்தர் மாவட்டத்துச் சாண்லிக் காட்டுக் கல் பெயர்பெற்றது. இவற்றோடு, இன்றைய பெல்சியத்தின் ஆர்தென் மலைப்புறத்தில், வீல்சாம் என்னும் ஊரைச் சூழ்ந்த நிலத்தடியில் மெல்லிய படையாகக் கிடைக்கும் மஞ்சட் கல்லும் இருந்தது. இலத்தீன் மொழியில் சிறு தீட்டுக்கல்லைக் குறிக்கும் சொல்லினின்று கொத்திக்கூல் என்று அதனைப் பெயரிட்டு வழங்குவர். மஞ்சட் படையோடு கருநீலப் பாறை இயற்கையிலேயே ஒட்டிக் கிடக்கும். இரண்டையும் சேர்த்தே அறுப்பர். நீலம் தாங்க, மஞ்சள் தீட்டும். இப்பகுதியைப் படித்தபொழுது நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தேன். ஊர் நாவிதரின் அடப்பத்திற் கண்ட கல் இதுவே அன்றோ! ஆர்தென் மலையடியிற் சுரங்கமறுத்து எடுத்த கல், எத்தனை கைகள் மாறியோ, எங்கள் ஊர்த் திண்ணைக்கு வந்திருந்தது. அவ்வூரார் ஒருவருக்கும் அதன் பிறப்பிடம் தெரியாது. எனினும் அதன் குணத்தை அவர் கைகள் நன்கறிந்திருந்தன.

அம்மஞ்சட் கல்லினுள் அப்படி என்னதான் இருக்கின்றது? காணெற்று என்னும் மணியின் நுண்துகள்கள் செறிந்திருக்கின்றன. நவமணிகளுள் ஒன்றாகிய கோமேதகமும் அவ்வினத்ததே. ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து பங்கு முதல் இருபது பங்கு வரை பருமனுடையது. நீரிட்டுத் தேய்த்தால் அவை சிறிது சிறிதாகக் கழன்று பால்போன்ற குழம்பாகும். துகள்கள் பன்னிரு முகங்கொண்டு ஏறக்குறைய உருண்டையாக இருத்தலின் உருக்கில் ஆழக் கீறா. ஆதலின் கத்தியின் வாய் விரைவிற் கூராகும், ஆனால் பிசிறுபடாது.

இதனைக் கொண்டு கற்களைத் தெரியும் நெறி விளங்கும். கல் கடினமானதா என்பது முதல் வினாவன்று. அதன் துகள் எத்துணை நுண்ணியது, எல்லாம் ஒரே அளவினதா என்பனவே வினாக்கள். கல்லின் ஒவ்வொரு துகளும் உருக்கில் ஒரு கீறலை விட்டுச் செல்கின்றது. அரிவாளுக்கு அக்கீறல்கள் நன்மையே. புல்லையும் வைக்கோலையும் அவை பற்றி அறுக்கும். சவரக்கத்தியின் வாயோ, நன்கு தீட்டிய நிலையில், ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. அத்தகைய வாயில் பருங்கல் விடும் கீறல் ஒவ்வொன்றும் பள்ளமாகும். நம் சீவற்றொழிலாளர் பாளைக்கத்தியைக் கல்லிற் தேயாது, மரத்தில் வெண்கல் மாவைத் தூவித் தீட்டுவதன் நுட்பமும் இதுவே. மெல்லிய பாளையைச் சீவுபவருக்கும் முகத்தை மழிப்பவருக்கும் வேண்டுவது பிசிறற்ற வாய்.

கல் தட்டையாக இருத்தல் இரண்டாவது இன்றியமையாமை. சவரக்கத்தியைத் தீட்டுங்கால் அதன் முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படியவேண்டும். சாய்வுக் கோணத்தைக் கை காக்க வேண்டியதில்லை, முதுகே காக்கும். ஆனால் நடுவிற் குழிந்த கல்லில் அலகு எங்ஙனம் சீராகப் படியும்? நூற்றுக்கணக்கான அரிவாள்களைத் தின்று தோணிபோலக் குழிந்திருந்தது எங்கள் கிணற்றடிக் கல். கல்லில் வாய் முன்செல்ல இழுத்தல் வேண்டும். வாரில் முதுகு முன்செல்ல இழுத்தல் வேண்டும். இதனை மாற்றிச் செய்து வாரை அறுத்தவர் பலர்; யானும் ஒருவன்.

ஐரோப்பியர் அமெரிக்காவிற் குடியேறிய பின்னர், ஆர்க்கன்சா மாநிலத்து மலைகளில் வெண்ணிறக் கல்லொன்று பெரும் புகழ் பெற்றது. முற்றும் நுண்ணிய படிகக்கல்லாலான அப்பாறைக்கு அறிஞர் இட்ட பெயர் நொவாக்குலைற்று. நொவாக்குலா என்பது இலத்தீனிற் சவரக்கத்தி. பாறையின் பெயரிலேயே அதன் பயன் அடங்கியுள்ளது.

இதுகாறும் கூறியவை பூமியிலிருந்து வெட்டியெடுத்த கற்கள். இனி மனிதன் ஆக்கிய கல்லுக்கு வருவோம். அதற்கு நம் மொழிப்புறத்துச் சொல் ஒன்றைத் துணைக்கொள்ள வேண்டியிருக்கின்றது. வைரத்துக்கு அடுத்த கடினமுடைய கனிப்பொருளை ஆங்கிலேயர் கொறண்டம் என்பர். அது குருந்தம் என்ற நம் சொல்லின் திரிபென்பது அகராதியாசிரியர் முடிபு. இதனைப் பொடித்து அரக்கிற் கலந்து சாணைச் சக்கரம் செய்தல் இந்தியக் கைவினைஞரின் பழைய வழக்கம். 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஆங்கில அறிஞர் யோன் வூட்வேட்டு தாம் திரட்டிய கற்களின் பட்டியலில், குருவிந்தம் என்பதன் சிதைந்த வடிவத்தை எழுதி, நெல்வயல்களில் எலிகள் கிளறி வெளியே தள்ளும் கல் இது, இரும்பைத் துலக்கப் பயன்படுவது என்று குறித்துள்ளார். பின்னர் 1798 இல் சாள்சு கிறெவில் என்பார் இலண்டன் உவேந்தர் கழகத்தில் இக்கல்லைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை அளித்தார். சொல் தமிழதே என்று நாம் அவசரப்பட்டு உரிமை கொண்டாடுதல் ஆகாது. வூட்வேட்டின் பட்டியலிலுள்ள அடைமொழிகள் தெலுங்கின் கருமை, வெண்மை குறிக்கும் சொற்களை ஒத்துள்ளன; வடமொழியிலும் குருவிந்தம் உண்டு, மாணிக்க வகைகளுள் ஒன்றற்கும் அப்பெயர் வழங்கும். தென்னாட்டுக் கைவினைஞரின் வாயிலிருந்து சென்ற சொல் என்ற அளவில் அமைவோம். நம் இரத்தினபுரியிற் கிடைக்கும் நீலமும் இக்குருந்தத்தின் இனமே. நிறத்தாலும் தெளிவாலும் வேறுபட்டது.

1891 ஆம் ஆண்டில், பென்சில்வேனியாவில் எட்வேட் அச்சிசன் என்பார் இரும்புச் சட்டியொன்றிற் களிமண்ணையும் கற்கரியின் கோக்குத் தூளையும் கலந்து, அதனூடு வலிய மின்னோட்டத்தைச் செலுத்தினார். ஆறிய பின்னர்க் கரிக்கோலின் நுனியில் ஒளிவிடும் சில துணுக்குகளைக் கண்டார். அவற்றுள் ஒன்றைப் பென்சில் முனையிற் பொருத்திக் கண்ணாடியில் இழுத்தபொழுது, அது வைரம்போலக் கீறிற்று. கரியும் குருந்தமும் சேர்ந்த சேர்க்கை இது என்று பிழையாக எண்ணி, இரு பெயர்களையும் இணைத்துக் காபொறண்டம் என்று பெயரிட்டார். உண்மையில் அது கரியும் சிலிக்கனும் சேர்ந்த பொருள். அதிற் குருந்தம் எள்ளளவும் இல்லை. பிழையாக இட்ட பெயர் நிலைத்தது. அதனுடன் நம் சொல்லும் உலகெங்கும் சென்றது. அவர் 1893 இல் உரிமைப் பத்திரம் பெற்று, 1895 அளவில் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்வலுவை நாடிச் சென்று ஆலையமைத்தார். சிறிது காலத்தில் பொக்சைற்றை மின்னுலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தமும் ஆக்கினர்.

சவரக்கத்திக்கு இதனால் விளைந்த நன்மை கடினமன்று, சீர்மை. இயற்கைக் கல்லில் ஒரே சுரங்கத்துக் கற்களும் தம்முள் வேறுபடும். நுண்கல்லின் நடுவே ஒரு பருந்துகள் மறைந்திருந்து வாயைக் கெடுக்கவும் கூடும். ஆலைக்கல்லிலோ துகள்களைச் சலித்து அளவிட்டு எண்ணிட்டு விற்பர். ஆயிரம் என்ற எண்ணுள்ள கல் மழுங்கிய வாயின் சரிவை ஒழுங்காக்கும். எண்ணாயிரம் என்ற எண்ணுள்ள கல் அதனை மினுக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த எவனும் எண்ணைப் பார்த்துக் கல் வாங்கலாம் என்ற நிலை வந்தது. பெரே கண்ட கனவு இதுவே எனலாம்.

ஆனால் காலத்தின் போக்கைப் பாருங்கள். கல்லைத் தெரிதல் எளிதான அதே தலைமுறையிற் கல்லே வேண்டாததாயிற்று. அமெரிக்கரான கிங் கில்லெற்று, தீட்ட வேண்டாத, மழுங்கியவுடன் எறிந்துவிடும் மெல்லலகை அறிமுகஞ் செய்தார். 1903 ஆம் ஆண்டு முழுவதிலும் விற்றவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. முதலாவது உலகப் போரின் இறுதியில் அமெரிக்க அரசு தன் போர்வீரருக்காக 35 இலட்சம் கருவிகளை வாங்கிற்று. வீடு திரும்பிய வீரர் அப்பழக்கத்தையும் உடன் கொண்டுசென்றனர். ஆர்தென் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேலை ஓய்ந்தது; பின்னரே அங்கே சுரங்கவேலை புத்துயிர் பெற்றது. நம் சலூன்களிலும், குருதிவழிப் பரவும் நோய்களை அஞ்சி, ஒருவருக்கு இட்ட அலகை மற்றவருக்கு இடாது எறிகின்றனர். அது வேண்டியதே, அதனைக் குறைகூற யான் முன்வரேன். ஆயினும் ஊருக்கு ஒருவர் கையில் இருந்த ஓர் அறிவு, பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டாத அறிவாகிவிட்டது. முதியவரின் மகன் நகரிற் சலூன் நடத்துகின்றார். அவர் கல்லிற் கத்தி தீட்டியதே இல்லையாம்.

என் வினாவிற்கு வருவோம். முதற் கல்லாக எதனை வாங்குவது? நூல்களைப் படித்த பின்னர் முதியவரிடம் மீண்டும் சென்று, பெல்சியத்துக் கல், ஆர்க்கன்சாக் கல், எண்ணிட்ட கல் என்று யான் அறிந்தவற்றையெல்லாம் கூறினேன். தம் கல்லின் பிறந்தவூரைக் கேட்டு அவர் வியந்தார்; அப்பெயரை இருமுறை சொல்லிப் பார்த்தார். ஆனால் அறிவுரை கேட்டபொழுது மஞ்சட் கல்லை வாங்கச் சொல்லவில்லை. புதியவன் கை கல்லைக் குழியாக்கும், அரிய கல்லைப் பழகுகைக்கு இரையாக்காதே, ஆலையில் ஆக்கிய தட்டையான கல் ஒன்றை வாங்கு, அது கெட்டாலும் மறுபடி வாங்கலாம் என்பதே அவர் கூற்றின் சாரம். நல்ல கத்தியொன்றைக் கெடுத்தவனிடம் அவர் காட்டிய பொறுமை, பள்ளியில் யான் பிள்ளைகளிடம் காட்டியதினும் பெரிது.

அவ்வாறே ஒரு புறம் ஆயிரமும் மறு புறம் ஆறாயிரமுமாக இரு படையுள்ள கல்லொன்றைத் தருவித்தேன். கிணற்றடிக் கல் விட்ட பற்களை ஆயிரத்திலே தேய்த்துப் போக்க மூன்று மாலைகள் சென்றன. பின்னர் மறு புறத்திற் பாரமின்றி இழுத்து, தந்தையாரின் வாரிலும் இழுத்து, கத்தியை முதியவரிடம் கொண்டுபோனேன். அவர் தம் முன்கையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி, இரு விரலாற் தூக்கி, கத்தியின் வாய்மீது மெல்லத் தாழ்த்தினார். மயிர் அறவில்லை, சற்று வளைந்து விலகிற்று. அவர் தம் முடிச்சை அவிழ்த்து மஞ்சட் கல்லை எடுத்து, இரண்டு துளி நீர் விட்டு, கத்தியை அதன்மீது இருபது முறை இழுத்தார். அடுத்த மயிர் ஓசையின்றி இரு துண்டாயிற்று. கல்லைத் துடைத்து மீண்டும் துணியில் முடிந்துகொண்டே, வாரில் இன்னும் முப்பது முறை இழுத்துவிட்டு நாளைக் காலையில் மழித்துப் பாருங்கள், வாத்தியார், என்றார்.